ஐந்து விநாடிக் கணக்கு

1912 ஜூன். அந்தமான் செல்லுலர் சிறையின் ஆஸ்பத்திரியில் ஒரு கைதி சேர்க்கப்பட்டார். பெயர் உல்லாஸ்கர் தத். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் 1909-ல் மரண தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டதால் தீவாந்தரம் அனுப்பப்பட்டவர். செங்கல் சூளையில் வெயிலில் வெந்தவர், ஒரு கட்டத்தில் இனி வேலை செய்ய முடியாது என்று மறுத்துவிட்டார். அதற்குத் தண்டனை, கைகளில் விலங்கு மாட்டிச் சுவரோடு நிற்க வைப்பது. நின்றபடியே கடும் காய்ச்சல் கண்டது. பிதற்ற ஆரம்பித்தார்.

நிஜமாகவே பைத்தியமா, அல்லது வேலைக்குப் பயந்து நடிப்பா? மருத்துவ அதிகாரிக்குச் சந்தேகம். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் ஒரு மின் பேட்டரி இருந்தது. உடம்பில் மின்சாரம் பாய்ந்ததையும், தான் அலறியதையும், பிறகு நினைவு தப்பியதையும் உல்லாஸ்கர் சக கைதி சாவர்க்கரிடம் சொன்னார். சாவர்க்கர் தன் அந்தமான் நினைவுகளில் அதை எழுதி வைத்தார். சிறை நிர்வாகத்தின் விளக்கம் வேறு: சித்தம் கலங்கியதற்குக் காரணம் மலேரியாக் காய்ச்சல்.

உல்லாஸ்கர் முதலில் தீவிலிருந்த மனநோய் விடுதிக்கும், 1913-ல் அங்கிருந்து சென்னைக்கும் அனுப்பப்பட்டார். 1920-ல் விடுதலையாகும் வரை அவர் இருந்தது சென்னை மனநோய் விடுதியில்தான். இன்று கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் அரசு மனநல மருத்துவமனை அதன் வாரிசு. அந்தமானில் பாய்ந்த மின்சாரத்தின் கதை தமிழ்நாட்டில் வந்து முடிந்தது.

இந்தப் பழைய கதையை இன்று தூசி தட்ட ஒரு காரணம் இருக்கிறது. மின் அதிர்ச்சி தரும் கருவி மீண்டும் அரசின் கைக்கு வந்துகொண்டிருக்கிறது. இம்முறை அதன் பெயர் டேஸர். சில ஆண்டுகளுக்கு முன் குஜராத் போலீஸ் அதை வாங்கியது செய்தியானது. மற்ற மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் இன்றோ நாளையோ அதே கடைக்குப் போகக்கூடும். உயிரைப் பறிக்காமல் ஆளை மட்டும் வீழ்த்தும் ஆயுதம் என்பதே விற்பவர்களின் வாக்குறுதி.

அந்த வாக்குறுதியில் பாதி உண்மை. நாஸாவில் ஆய்வாளராக இருந்த ஜாக் கவர் என்ற அமெரிக்கர் 1970-களில் டேஸரை உருவாக்கினார். 1990-களில் அரிஸோனாவின் ஸ்மித் சகோதரர்கள் அதைப் பெரிய வியாபாரமாக்கினார்கள். பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருக்கும். விசையை அழுத்தினால் குண்டுக்குப் பதில் இரண்டு சின்ன முட்கள் மெல்லிய கம்பிகளை இழுத்துக்கொண்டு பாயும். இரண்டும் உடம்பில் தைத்தால்தான் மின்சுற்று முழுமையாகும். அழுத்தி விட்டால் ஐந்து விநாடி ஓடும். அந்த ஐந்து விநாடியும் தசைகள் மூளையின் பேச்சைக் கேட்காது. நிற்கிற ஆள் மரம் போலச் சாய்வான்.

விளம்பரத்தில் மின்னும் 50,000 வோல்ட் என்ற எண் கேட்பவரைக் கதிகலங்க வைக்கும். காற்றையும் துணியையும் தாண்டத்தான் அந்த அழுத்தம். உடம்புக்குள் போகும்போது அது மிகவும் குறைந்துவிடுகிறது. மின்னோட்டமும் மிகச் சிறிய அளவுதான். வீட்டு ப்ளக்கில் விரல் வைப்பதும் இதுவும் ஒன்றல்ல. கத்தியோடு பாய்கிறவனைச் சுட்டுக் கொல்வதற்குப் பதில் இப்படி வீழ்த்தினால் அவன் பிழைக்கிறான், போலீஸ்காரரும் பிழைக்கிறார். அந்த ஒரு சந்தர்ப்பத்தில் டேஸருக்கு ஆதரவான வாதத்தை மறுப்பது கடினம்.

ஆனால் அந்த ஒரு சந்தர்ப்பத்தோடு அது நிற்பதில்லை. துப்பாக்கிக்கு மாற்றாக வரும் ஆயுதம் கொஞ்ச நாளில் லத்திக்கு மாற்றாகிவிடுகிறது. பிறகு வாய்ப்பேச்சுக்கே மாற்றாகிவிடுகிறது. 2007 அக்டோபர் 14. கனடாவின் வான்கூவர் விமான நிலையத்தில் போலந்திலிருந்து வந்திறங்கிய ராபர்ட் ஜீகான்ஸ்கிக்கு ஆங்கிலம் தெரியாது. பல மணி நேரம் வழி தெரியாமல் தவித்து, பதற்றத்தில் பொருட்களைத் தூக்கி வீசினார். நான்கு போலீஸார் வந்தார்கள். வந்த அரை நிமிடத்துக்குள் டேஸர் பேசியது. ஐந்து முறை. அவர் அங்கேயே இறந்தார். போலீஸார் சொன்ன கதை ஒன்று, அங்கிருந்த பயணி ஒருவர் எடுத்த வீடியோ காட்டிய கதை வேறொன்று. நீதிபதி பிரெய்ட்வுட் நடத்திய விசாரணை, டேஸரைப் பயன்படுத்தியது நியாயமற்றது என்று 2010-ல் முடிவு சொன்னது. நால்வரில் இருவர், விசாரணையில் பொய் சாட்சி சொன்னதற்காகப் பிற்பாடு தண்டிக்கப்பட்டார்கள்.

2023 மே மாதம், ஆஸ்திரேலியாவின் கூமா நகர முதியோர் இல்லம். ஞாபக மறதி நோய் கண்ட 95 வயது மூதாட்டி, கையில் சமையலறைக் கத்தி, நடக்க உதவும் வண்டியைப் பிடித்தபடி மெல்ல அசைந்து வருகிறார். போலீஸ்காரர் டேஸரைச் சுட்டார். மூதாட்டி விழுந்தார், தலையில் அடி, ஒரு வாரத்தில் மரணம். அவரைக் கொன்றது மின்சாரம் அல்ல, தரை. அந்தக் காவலரை 2024-ல் நீதிமன்றம் குற்றவாளி என்றது. சிறைத் தண்டனை மட்டும் தரவில்லை.

அமெரிக்காவில் 2001-லிருந்து டேஸர் பட்ட பிறகு இறந்தவர்கள் குறைந்தது 500 பேர் என்று 2012-ல் ஆம்னெஸ்டி அமைப்பு கணக்குச் சொன்னது. அத்தனை சாவுக்கும் டேஸர்தான் காரணம் என்று ஆம்னெஸ்டியே சொல்லவில்லை. போதைப் பொருள், இதய நோய், மூச்சு முட்டும்படி அமுக்கிப் பிடித்தது என்று பல காரணங்கள் கலந்திருந்தன. எந்தக் காரணமும் பொருந்தாதபோது கைகொடுக்க ஒரு சொல் இருந்தது. ‘வெறிப் பிதற்றல்’ என்ற ஒரு நிலை ஆளையே கொன்றுவிடும் என்று சில டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். 2009-ல் அதற்கு அங்கீகாரம் தந்த அமெரிக்க அவசர சிகிச்சை டாக்டர்கள் சங்கம் 2023-ல் தன் அறிக்கையை வாபஸ் வாங்கிக்கொண்டது. கலிஃபோர்னியா மாநிலம் அதே ஆண்டு, சாவுக்கான காரணமாக அந்தச் சொல்லை எழுதவே தடை விதித்தது. 1912-ல் மலேரியா, பிறகு வெறிப் பிதற்றல். மின்சாரத்தின் மேல் மட்டும் பழி வராது.

ஆகவே பாதுகாப்பு என்பது கருவிக்குள் இருக்கும் ஒரு குணமாக இருக்க முடியாது. யார் மேல், எங்கே, எத்தனை விநாடி, பிறகு என்ன என்ற நான்கு கேள்விகளில்தான் அது இருக்கிறது.

யார் மேல்? உடனடியாக இன்னொருவரின் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து விளைவிக்கும் ஆள் மேல் மட்டும். ஓடுகிறான் என்பது காரணமாகாது. உட்கார்ந்துகொண்டு எழ மறுப்பவர், கையில் விலங்கு விழுந்துவிட்டவர், கர்ப்பிணி, குழந்தை, முதியவர் என்றால் கருவி உறையிலேயே இருக்க வேண்டும். அமெரிக்க நீதித் துறையும் போலீஸ் அதிகாரிகளின் ஆய்வு மன்றம் ஒன்றும் 2011-ல் வெளியிட்ட வழிகாட்டியின் சாரம் ஏறக்குறைய இதுதான். சுடுமுன் எச்சரிக்கை கொடுக்க வேண்டும் என்பதும் பொது விதி. எச்சரிக்கை எந்த மொழியில் என்பது ஜீகான்ஸ்கி விட்டுச் சென்ற கேள்வி. அந்தமானில் அந்தக் கேள்விக்கு இன்னும் கூர்மை அதிகம். வங்காளி, தமிழ், தெலுங்கு, இந்தி, நிக்கோபாரி என்று தெருவுக்கு ஒரு மொழி. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தீவுகளின் 3.8 லட்சம் பேரில் ஏறத்தாழ 15 சதவீதத்தினரின் தாய்மொழி தமிழ். கடலில் பிடிபடுகிறவர்களோ பெரும்பாலும் மியான்மர்காரர்கள். ‘நில், சுடுவேன்’ என்பது பர்மிய மொழியில் என்னவென்று ரோந்துப் படகில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கே? உயரமான இடத்தில் கூடாது, விழுந்தால் கதை முடிந்தது. தண்ணீர் ஓரத்தில் கூடாது. தண்ணீரில் மின்சாரம் பரவும் என்ற பயம் அல்ல காரணம், தசை இயங்காதவன் முழங்கால் ஆழத்திலும் மூழ்கிப் போவான் என்பதுதான். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் கூடாது, ஒரு பொறி போதும். இந்த மூன்றையும் அந்தமான் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தால் மிஞ்சும் இடம் கொஞ்சம். ஜெட்டி, டோங்கி, எரிபொருள் கேன்கள் உருளும் மீன்பிடிப் படகு, மழையில் வழுக்கும் பலகை. அங்கே போலீஸ் வேலையில் பெரும் பகுதி கடலோரத்தில்தான். 2024 நவம்பரில் பாரன் தீவுக்கு அருகே கடலோரக் காவல் படை மடக்கிய மியான்மர் படகில் ஐந்தரை டன் மெத்தாம்ஃபெட்டமைன் போதைப் பொருள் இருந்தது. ஆறு பேர் கைதானார்கள். அப்படிப்பட்ட படகில் ஏறும் காவலருக்குத் தற்காப்பு வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஆடுகிற படகில் நிற்பவன் மேல் டேஸரைச் சுடுவது, அவனைக் கடலில் தள்ளுவதற்குச் சமமாகிவிடக்கூடும்.

எத்தனை விநாடி? விசையை அழுத்திப் பிடித்தால் ஐந்து விநாடிக்கு மேலும் ஓடும் மாடல்கள் உண்டு. அந்த 2011 வழிகாட்டி மூன்று முறை, மொத்தம் பதினைந்து விநாடி என்று எல்லை கட்டியது. இங்கிலாந்தில் 2016-ல் முன்னாள் கால்பந்து வீரர் டேலியன் அட்கின்ஸன் மேல் ஒரு காவலர் 33 விநாடி தொடர்ந்து மின்சாரம் பாய்ச்சினார். பிறகு தலையில் உதைத்தார். அட்கின்ஸன் இறந்தார். 2021-ல் அந்தக் காவலருக்கு எட்டு ஆண்டு சிறை. மார்பைக் குறி வைக்காதீர்கள் என்று 2009-ல் டேஸர் கம்பெனியே எச்சரித்தது. பத்து ஆண்டு வியாபாரத்துக்குப் பிறகு வந்த ஞானம்.

பிறகு என்ன? விழுந்தவரை உடனே டாக்டர் பார்க்க வேண்டும். இது சென்னையில் எளிது, போர்ட் பிளேரில் (2024-லிருந்து ஸ்ரீ விஜய புரம்) முடியும். ஆனால் தெற்கு முனையில் கிரேட் நிக்கோபாரின் காம்ப்பெல் பே, தலைநகரின் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. இதயத் துடிப்பு தாறுமாறானால் கப்பலுக்கோ ஹெலிகாப்டருக்கோ காத்திருக்க வேண்டும். ‘உடனே’ என்ற சொல்லுக்குத் தீவுகளில் வேறு அர்த்தம். வெளிநாட்டு விதிப்புத்தகத்தை அப்படியே அச்சடித்துக் கொடுப்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

இவை எல்லாம் வெளியில், தெருவில், நாலு பேர் பார்க்க நடப்பவை. இந்தியாவில் பெரிய கவலை நாலு சுவருக்குள். டேஸரில் முட்களைப் பாய்ச்சாமல், கருவியை நேராக உடம்பில் வைத்து அழுத்தவும் வழி உண்டு. அப்போது ஆள் விழமாட்டான், வலி மட்டும் இருக்கும். ஆளை வீழ்த்த உதவாமல் வலியை மட்டும் தருவது எதற்குப் பயன்படும் என்பதை விளக்கத் தேவையில்லை. காயம் பெரிதாகத் தெரியாது. ஆனதை நிரூபிப்பது கஷ்டம்.

தமிழ் வாசகர்களுக்கு இது கற்பனை இல்லை. வீரப்பனைத் தேடிய தமிழக, கர்நாடக அதிரடிப் படைகள் மீது வந்த புகார்களை விசாரிக்க தேசிய மனித உரிமைக் கமிஷன் 1999-ல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. மாதேஸ்வரன் மலையில் அதிரடிப் படையினர் ‘ஒர்க்‌ஷாப்’ என்று அழைத்த இடத்தில் தங்கள் உடம்பில் மின்சாரம் பாய்ச்சப்பட்டது என்று மலைவாசிகளும் கிராமத்தவர்களும் குழுவின் முன் சாட்சியம் சொன்னார்கள். 2007-ல் 89 பேருக்கு மொத்தம் 2.80 கோடி ரூபாய் நஷ்ட ஈடு தரும்படி கமிஷன் சொன்னது. அங்கே டேஸர் கிடையாது. கருவி எதுவாக இருந்தாலும் அறைதான் முக்கியம் என்பதற்கு அதுவே சாட்சி.

இன்னொரு முரண்பாட்டையும் பார்க்கலாம். கீழ்ப்பாக்கம் போன்ற மருத்துவமனைகளில் கடும் மனச்சோர்வுக்கு மின் அதிர்ச்சி சிகிச்சை தருவது இன்றும் உண்டு. பலரை அது காப்பாற்றியிருக்கிறது. அந்தச் சிகிச்சைக்கு 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கடிவாளம் போடுகிறது: மயக்க மருந்தும் தசைத் தளர்த்தி மருந்தும் இல்லாமல் யாருக்கும் தரக்கூடாது. சிறுவர்களுக்கு என்றால் காப்பாளரின் சம்மதமும் மனநல வாரியத்தின் முன் அனுமதியும் இல்லாமல் கூடாது. இரண்டும் வேறு வேறு காரியம், மின்சாரத்தின் அளவும் வேறு. ஆனாலும், குணப்படுத்தக் கொடுக்கும் அதிர்ச்சிக்கு நாடாளுமன்றம் சட்டம் செய்திருக்கிறது. அடக்கக் கொடுக்கும் அதிர்ச்சிக்கு அப்படித் தனிச் சட்டம் கிடையாது. கைதின்போது ‘தேவையான எல்லா வழிகளையும்’ பயன்படுத்தலாம், தப்பிக்காமல் தடுக்கத் தேவையானதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்ற பொதுவான வரிகள் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலிருந்து, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவுக்கு இடம் மாறியிருக்கின்றன. அவ்வளவுதான். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தத்தில் இந்தியா 1997-ல் கையெழுத்திட்டது. அதை உறுதி செய்து சட்டமாக்கும்படி சட்டக் கமிஷன் 2017-ல் பரிந்துரைத்தது. கையெழுத்து கையெழுத்தாகவே நிற்கிறது.

தூத்துக்குடியில் 2018 மே மாதம் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தபோது, லத்திக்கும் துப்பாக்கிக்கும் நடுவே ஏதாவது ஓர் ஆயுதம் இருந்திருந்தால் என்ற அங்கலாய்ப்பு இயல்பாக எழும். டேஸர் அங்கே உதவியிருக்காது. அது சில மீட்டர் தூரத்தில் ஓர் ஆளை வீழ்த்தும் கருவி. ஆயிரக்கணக்கில் திரண்ட கூட்டத்துக்கு அது பொம்மைக்குச் சமம். விதியை மீறித் துப்பாக்கியைத் தூக்குகிற கைக்கு இன்னொரு ஆயுதத்தைக் கொடுத்தால் கை திருந்திவிடாது.

ஆயுதமே இல்லாமல் சமாளித்த உதாரணமும் அந்தமானில்தான் இருக்கிறது. 2018 நவம்பரில் வடக்கு சென்டினல் தீவுக்குள் சட்டத்தை மீறிப் போன அமெரிக்கர் ஜான் ஆலன் சாவ் அங்கே கொல்லப்பட்டார். உடலை மீட்க வேண்டும் என்று உலகப் பத்திரிகைகள் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தன. போலீஸ் படகு தீவை நெருங்கியது. கரையில் வில்லும் அம்புமாக ஆட்கள் நின்றார்கள். போலீஸார் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அந்த மக்களைத் தொந்தரவு செய்வதில்லை என்று முடிவானது. உடல் மீட்கப்படவே இல்லை. சாவைத் தீவுக்குக் கொண்டு போக உதவியவர்கள் மேல்தான் வழக்கு பாய்ந்தது. போலீஸ் பயிற்சிப் பள்ளிகளில் சொல்லித்தர வேண்டிய பாடம் இது. தூரமும் நேரமும் கையில் இருக்கும்போது அவற்றைவிட நல்ல ஆயுதம் கிடையாது.

தூரமும் நேரமும் இல்லாத சந்தர்ப்பங்களும் வரும். அன்றைக்கு டேஸர் வேண்டியிருக்கலாம். அப்படி வாங்குவதானால், அதோடு சேர்த்து வாங்க வேண்டியது ஒன்று இருக்கிறது: கணக்கு. நவீன டேஸருக்கு ஞாபக சக்தி உண்டு. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எத்தனை விநாடி விசை அழுத்தப்பட்டது என்பதை அது தனக்குள் குறித்து வைக்கிறது. பல மாடல்களில் ஒவ்வொரு முறை சுடும்போதும் வரிசை எண் அச்சிட்ட பொடித் துணுக்குகள் சிதறித் தரையில் விழும், யாருடைய கருவி என்று அவை காட்டிக்கொடுக்கும். சந்தையில் கிடைக்கும் மலிவு ஷாக் தடிகளில் பலவற்றுக்கு இந்த வசதி கிடையாது. ஆகவே ஞாபகம் இல்லாத கருவியை அரசு வாங்கக்கூடாது. ஞாபகம் இருக்கும் கருவியின் பதிவைச் சுட்டவரின் ஸ்டேஷனிலேயே பூட்டி வைக்கவும் கூடாது. ஒவ்வொரு முறை பயன்படுத்தியதும் 24 மணி நேரத்துக்குள் பதிவின் நகல் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும், டாக்டரின் சான்றிதழும் கூடவே போக வேண்டும். லாக்கப் கதவைத் தாண்டிக் கருவி உள்ளே வரக்கூடாது. போலீஸ் நிலையங்களில் கேமரா வைக்கச் சொல்லி 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் போட்ட உத்தரவு ஒழுங்காக நிறைவேறினாலே இதில் பாதி வேலை முடியும்.

இது போலீஸுக்கு எதிரான நிபந்தனை அல்ல. ஐந்து விநாடியில் நிறுத்திய காவலரைப் பொய்ப் புகாரிலிருந்து காப்பாற்றப்போவதும் அதே பதிவுதான். ஐம்பது விநாடி அழுத்தியவருக்குத்தான் அது தலைவலி.

உல்லாஸ்கர் தத் 1965 வரை வாழ்ந்தார். சிறை ஆஸ்பத்திரியில் அந்த பேட்டரி எத்தனை விநாடி ஓடியது, யார் உத்தரவு கொடுத்தார், யார் சரி பார்த்தார் என்பதற்கு அவர் வாய்மொழியைத் தவிர வேறு கணக்கு இல்லை. சக கைதி ஒருவர் எழுதாமல் விட்டிருந்தால் அதுவும் இருந்திருக்காது, மலேரியா மட்டும் மிஞ்சியிருக்கும். இன்றைய கருவி தானே எழுதி வைக்கிறது. அதைப் படிக்கும் உரிமை யாருக்கு என்பதை, கருவியை வாங்கும் ஆர்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அரசு முடிவு செய்துவிட வேண்டும்.